பதின்மூன்றாவது கை

“இந்தப் படத்தில் இருப்பவர்களில் நீ யாருக்குப் பிச்சை போடுவாய்?”

ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது அன்ரனிற்றாவிடம் ஒருத்தி கேட்ட கேள்வி இது. கேட்டவள் பள்ளிக்கூட ஆசிரியை அல்ல. பிராங்பேர்ட்டில் மைன் ஆற்றங்கரையில் இருக்கும் ஓர் ஓவியக் கூடத்தில் பிள்ளைகளுக்குப் பழைய படங்களை விளக்குகிறவள். கழுத்தில் பச்சைச் சால்வை சுற்றியிருந்தாள். வகுப்பு முழுவதும் படத்துக்கு முன்னால் தரையில் அரைவட்டமாக உட்கார்ந்திருந்தது. காலில்லாத சிப்பாய்க்குப் போடுவேன் என்றான் ஒருவன். சீட்டு விளையாடும் சின்னப் பிள்ளைகளுக்கு என்றாள் ஒருத்தி. நாய்க்கு என்றான் இன்னொருவன், எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அன்ரனிற்றாவின் முறை.

அவளுக்குப் பதில் தெரியும். படத்தின் நடுவில், இடுப்பில் கட்டிய துணியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நிற்கிற பெண்ணுக்கு. ஆனால் பதில் தொண்டைக்கு மேலே ஏறவில்லை. காது சுட்டது. எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. பின்வரிசையில் இருந்து ஒரு குரல், “அவள் எங்கே போடப் போகிறாள், வாங்கத்தான் செய்வாள்” என்றது. பச்சைச் சால்வைக்காரி அந்தப் பையனை அதட்டினாள். அதட்டியதால் கேட்காதவர்களுக்கும் கேட்டுவிட்டது.

அந்தச் சிரிப்பால்தான் அவள் பள்ளிக்கூடத்தை விட்டாள் என்று சொன்னால் அது பொய். அது பல நாள் கதை. வாய் திறந்து பேச வேண்டிய பாடங்களில் ஒன்றன்பின் ஒன்றாகப் புள்ளி குறைந்தது. பிறகு வயிற்று வலி வந்தது. பிறகு வயிற்று வலி வராத நாட்களிலும் அவள் எஸ்-பான் ரயிலில் ஏறி, இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல், கடைசி நிலையம்வரை போய்த் திரும்பி வந்தாள். பத்தாம் வகுப்பு முடிவதற்கு முன்பே ஒரு நாள் கட்டிலில் படுத்தவள், எழும்பவில்லை. கிறீஸ்ஹைமில் இருந்த அவர்களுடைய வீட்டில் அவளுடைய அறைக் கதவு ஒன்றரை வருடம் பூட்டியே இருந்தது. அம்மா பிறேமா சாப்பாட்டைக் கதவடியில் வைத்துவிட்டு வேலைக்குப் போவாள். வந்து பார்த்தால் கோப்பை சில நாள் காலியாக இருக்கும். சில நாள் அப்படியே இருக்கும்.

வெளியில் பிறேமா வேறு கதை சொன்னாள். தமிழ்ப் பூசைக்குப் போனால், பிறந்தநாள் விழாவுக்குப் போனால், யாராவது ஒருவர் “மகள் இப்ப என்ன செய்யிறா?” என்று கேட்பார்கள். “அவ அவுஸ்பில்டுங் செய்யிறா, வங்கியில” என்று பிறேமா சொல்லுவாள். வங்கியில் தொழில் பழகுகிற பிள்ளை ஏன் ஒரு விழாவுக்கும் வருவதில்லை என்று கேட்டால், “அவவுக்குச் சரியான வேலையப்பா, சனி ஞாயிறும் படிப்புத்தான்” என்பாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, மகளின் கதவுக்கு வெளியே நின்று அதையும் சொல்லுவாள். “இண்டைக்கும் உனக்காக ஒரு பொய் சொல்லியிருக்கிறன், பிள்ளை.”

அந்த நாட்களில்தான் பிறேமா நேர்ந்தாள். தமிழ்ப் பூசை நடக்கிற கோயிலில், பக்கத்துப் பீடத்தில், கையில் பாலனோடு நிற்கிற அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் முழந்தாளிட்டு நேர்ந்தாள். பிள்ளை கதவைத் திறந்து வெளியில் வந்து ஒரு வேலைக்குப் போனால், அவருடைய திருநாளன்று மடியேந்திப் பிச்சை எடுப்பேன். பன்னிரண்டு பிச்சை அந்நியர் கையால், பதின்மூன்றாவது பிச்சை என் பிள்ளையின் கையால். அவ்வளவையும் கொண்டுவந்து உம்முடைய உண்டியலில் போடுவேன். போடும்வரை பச்சைத் தண்ணீரும் குடிக்க மாட்டேன். ஆனி மாதம், ஜூன் பதின்மூன்றாம் திகதி, அந்தோனியார் திருநாள். அதனால் பதின்மூன்று.

அந்தோனியார் கேட்டாரோ, அல்லது வேலை தேடித் தருகிற அலுவலகத்தில் இருந்த ஒரு பொறுமையான பெண் கேட்டாளோ, பத்தொன்பதாவது வயதில் அன்ரனிற்றாவுக்கு ஒரு வேலை கிடைத்தது. வாய் திறக்கத் தேவையில்லாத வேலை. ஓவியக் கூடத்தில், ஒரு மண்டபத்தின் மூலையில், கறுப்பு ஜக்கெற் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, யாரும் படத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை. அது அதே ஓவியக் கூடம்தான். மண்டபம் பிரிக்கும்போது அவளுக்குக் கிடைத்ததும் அதே படத்தின் மண்டபம். மேற்பார்வையாளர் ஹெர் வென்செல் கதிரையைக் காட்டியபோது வேறு மண்டபம் தாருங்கள் என்று கேட்க நினைத்தாள். ஆனால் மறுத்துச் சொல்வதற்கும் வாய் திறக்க வேண்டுமே.

படம் ஒரு கதவளவு பெரியது. வரைந்தவர் பெயர் தெரியாது. முந்நூற்று எண்பது வருடம் பழையது என்று பக்கத்தில் எழுதியிருந்தது. ஏதோ ஒரு நகரத்து மதிலின் பின்புறம். மதிலில் சாய்த்துக் கட்டிய பலகைக் குடில்கள், ஒழுகுகிற கூரைக்குக் கீழே ஒரு சட்டி, சேற்றில் சீட்டு விளையாடும் இரண்டு பிள்ளைகள், சக்கரப் பலகையில் ஒரு சிப்பாய், எலும்புக்காகக் காத்திருக்கும் நாய். நடுவில் அந்தப் பெண். மண்ணிற உடுப்பு, இடுப்பில் துணி, ஏந்திய மடி. படத்தில் எல்லோரும் வாங்குகிறவர்கள். கொடுக்கிறவர் ஒருவரும் இல்லை. அந்தப் பெண் மடியை ஏந்துவது படத்துக்கு வெளியே, நேர் எதிரில் இருப்பவரை நோக்கி. நேர் எதிரில் இருந்தது அன்ரனிற்றாவின் கதிரை.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அவள் ஒன்றைத் தெரிந்துகொண்டாள். பச்சைச் சால்வைக்காரி, ஃபிராவ் ஹார்ட்மான், இன்னமும் அங்கேதான் இருந்தாள். வாரத்துக்கு மூன்று வகுப்புகளைக் கூட்டிவந்து அதே இடத்தில் உட்கார வைத்து அதே கேள்வியைக் கேட்டாள். கேள்வி பிள்ளைகளுக்குக் கொடுக்கும் தாளிலேயே அச்சடித்திருந்தது, நான்காவது கேள்வியாக. ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவன் நாய்க்கு என்றான். ஒவ்வொரு வகுப்பும் அது புதிய பகிடி என்று நினைத்துச் சிரித்தது. தன்னை இத்தனை வருடமாகத் துரத்தியது தனக்கென்று கேட்ட கேள்வி அல்ல என்று தெரிந்தபோது அன்ரனிற்றாவுக்கு ஒரு நிம்மதி வந்தது. கூடவே இன்னொரு வெட்கமும் வந்தது. ஒரு தாளில் அச்சடித்த கேள்விக்கா நான் விழுந்தேன்?

எட்டு மாதம் போயிற்று. கறுப்பு ஜக்கெற் அவளுக்குப் பொருந்திவிட்டது. படத்துக்கு மிக அருகில் போகிறவர்களிடம் “தயவுசெய்து ஓரடி பின்னால்” என்று சொல்லப் பழகினாள். அதைச் சொன்னதும் பெரிய பெரிய ஆட்கள் ஓரடி பின்னால் போனார்கள். அவளுடைய வாழ்க்கையில் அவள் சொல்லி ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. ஆவணி வந்தால் வேலை நிரந்தரமாகும் என்று ஹெர் வென்செல் சொல்லியிருந்தார்.

வைகாசி முடிகிற நேரம், ஒரு ஞாயிறு மதியச் சாப்பாட்டின்போது பிறேமா நேர்த்தியைப் பற்றி வாய் திறந்தாள்.

“பிச்சையோ?” அல்பேர்ட் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். அவர் விமான நிலையத்தில் பொதி ஏற்றும் வேலை செய்து முதுகு போனவர். “பிச்சை எடுக்கிறதெண்டா அதை மன்னாரிலயே எடுத்திருக்கலாமே. ஏஜென்சிக்காரனுக்குக் காசைக் கட்டி, ஆறு நாடு கடந்து இங்க வந்தே எடுக்க வேணும்?”

“உங்களை ஆர் எடுக்கச் சொன்னது? நான்தானே எடுக்கிறன்.”

“கண்டவன் என்னையெல்லோ கேப்பான், அல்பேர்ட்டின்ர மனுசிக்கு என்ன குறையெண்டு.”

“குறையில்லாதபடியாத்தான் எடுக்கிறன். இல்லாதவை கை நீட்டினா அது பிச்சை. இருக்கிறவை நீட்டினாத்தான் நேர்த்தி. எங்கட ஊரில கல்வீட்டுக்காறர்தான் எடுக்கிறவை. வெக்கப்பட்டு எடுக்கிறதுதான் அதின்ர பெறுமதி. உங்களுக்கு இது விளங்காது, நீங்கள் சோத்தைத் தின்னுங்கோ.”

அல்பேர்ட் தின்றார். அவருக்கு விளங்கிவிட்டது.

அன்ரனிற்றா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். கோயில் வாசல் அவளுடைய கண்ணுக்குள் வந்தது. அம்மா அந்தோனியார் அங்கியின் மண்ணிறத்தில் சேலை கட்டி மடியேந்தி நிற்க, பூசைக்கு வருகிற சுஜீவா அக்காவும் மற்றவர்களும் சுற்றி நின்று, “என்ன நேர்த்தியடி பிறேமா?” என்று கேட்பார்கள். அம்மாவால் அந்தோனியார் முன்னால் பொய் சொல்ல ஏலாது. பூட்டின கதவு, கதவடிக் கோப்பை, வங்கி, எல்லாம் வாசலிலேயே கொட்டுப்படும்.

“அம்மா, கோயிலடியில வேண்டாம்.”

“வேறெங்க எடுக்கிறது? எங்கட சனம் வராத இடம் ஒண்டு சொல்லு பாப்பம். சந்தைக்குப் போனாலும் நிப்பினம், பாண் கடைக்குப் போனாலும் நிப்பினம்.”

“எங்கட மியூசியத்துக்கு ஒருத்தரும் வாறேல்லை. எட்டு மாசத்தில ஒரு தமிழ் முகத்தை நான் காணேல்லை.”

அன்ரனிற்றா அதைப் பகிடியாகத்தான் சொன்னாள். பிறேமா சிரிக்கவில்லை. “அது நல்ல இடம்,” என்றாள்.

“உள்ளுக்கு இல்லையம்மா.” மகள் பதறினாள். “உள்ளுக்கு விடமாட்டினம். வெளியில, ஆத்தங்கரையில. நடைபாலம் இருக்கெல்லோ, அதடியில.”

“உனக்கு எத்தினை மணிக்கு இடைவேளை?”

“பன்னிரண்டரைக்கு.”

“அப்ப நான் விடிய வந்து பன்னிரண்டையும் எடுத்து வைக்கிறன். நீ பன்னிரண்டரைக்கு வந்து போடு. மூண்டு மணிக்கு எனக்கு ஆசுப்பத்திரியில வேலை, அதுக்கு முதல் கோயிலுக்கும் போயிடுவன்.”

“வீட்டில வச்சுப் போட்டா என்ன?”

“வீட்டில நீ தாறது கறி வாங்க. வெளியில, நாலு பேர் பாக்க, தாய்க்குப் பிள்ளை போட்டாத்தான் அது கணக்கு. ஓமெண்டு சொல்லு.”

அன்ரனிற்றா கோப்பையைப் பார்த்தாள்.

“பிள்ளை, உன்ர வாயால ஓமெண்டு சொல்லு.”

“ஓம்,” என்றாள்.

திருநாள் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. விடிய எழும்பி அன்ரனிற்றா ஓர் இரண்டு யூரோ நாணயக் குற்றியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்தாள். ஏன் கழுவினாள் என்று அவளுக்கே தெரியாது. அதைக் கறுப்பு ஜக்கெற்றின் உள்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். போகும்போது அம்மா சமையலறையில் மண்ணிறச் சேலையின் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு நின்றாள். கையில் ஒன்றுமில்லை, பயண அட்டையும் வங்கி அட்டையும் மட்டும் இடுப்பில் செருகியிருந்தாள். போனைக்கூட மேசையில் வைத்துவிட்டாள். “பிச்சைக்காறிக்கு என்னத்துக்குப் போன்?” என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஏதோ கலியாணத்துக்குப் போகிறவள்போல அவளுடைய முகம் இருந்தது.

காலை முழுவதும் உள்பையில் அந்தக் குற்றி நெஞ்சோடு முட்டிக்கொண்டிருந்தது. பத்து மணி. பதினொரு மணி. படத்துப் பெண் எதிரில் மடியேந்தி நின்றாள். அன்ரனிற்றா மனதுக்குள் போய் வந்துகொண்டிருந்தாள்: படியிறங்குவது, தெருவைக் கடப்பது, குற்றியைப் போடுவது, திரும்புவது. நான்கு நிமிட வேலை. யாரும் பார்க்கப் போவதில்லை. பார்த்தாலும் ஒரு பிச்சைக்காரிக்கு ஒருத்தி காசு போட்டாள், அவ்வளவுதானே.

பன்னிரண்டரைக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது லேனா வந்தாள். அடுத்த மண்டபத்தில் வேலை செய்கிறவள், பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே பகுதி நேரமாக வருகிறவள். எட்டு மாதத்தில் அன்ரனிற்றாவோடு அவள் பேசியது எல்லாம் சேர்த்து ஒரு பக்கத்துக்குள் எழுதலாம்.

“இன்றைக்கு என்ன வெயில், பார்த்தாயா? நீ எப்போதும் அந்த இருட்டு அறைக்குள்ளேயே சாப்பிடுகிறாய். வா, ஆற்றங்கரையில் உட்கார்ந்து சாப்பிடுவோம்.”

அன்ரனிற்றாவை இதுவரை யாரும் எங்கேயும் வா என்று கூப்பிட்டதில்லை. பள்ளிக்கூடத்திலும் இல்லை. அவள் எழும்பினாள். இருவரும் படிக்கட்டுக்கு வந்தார்கள். படிக்கட்டின் நடுவில் ஒரு பெரிய சன்னல். அதால் பார்த்தால் தெருவும் மரவரிசையும் நடைபாலமும் தெரியும்.

பாலத்தில் ஏறுகிற இடத்தில், நிழல் இல்லாமல், அம்மா நின்றாள்.

நடக்கிறவர்கள் அவளைச் சுற்றி வளைந்து போனார்கள், மரத்தைச் சுற்றிப் போவதுபோல. சைக்கிளில் வந்தவன் மணி அடித்தான். ஒருவன் நின்று, காசு போடாமல், போனைத் தூக்கிப் படம் எடுத்தான். அம்மா அவனுக்கும் மடியை ஏந்தினாள். வீட்டில் கலியாண முகமாக இருந்தது இங்கே இல்லை. வெயிலில் வாய் கொஞ்சம் திறந்திருந்தது. தண்ணீர் குடிக்காத வாய். எட்டு மாதமாகப் படத்துப் பெண்ணிடம் எதிரில் பார்த்த அதே வாய்.

“ஐயோ பாவம்,” என்று லேனாவும் சன்னலால் பார்த்தாள். “இந்த வெயிலில். எந்த நாடாக இருக்கும்? இந்தியாவா?” கேட்டுவிட்டு அன்ரனிற்றாவைத் திரும்பிப் பார்த்தாள். அவள் பார்த்ததில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை.

“தெரியாது,” என்றாள் அன்ரனிற்றா. “லேனா, எனக்குத் தலையிடிக்கிறது. நீ போ. நான் உள்ளேயே இருக்கிறேன்.”

அவள் பணியாளர் அறைக்குப் போய், உடுப்பு அலுமாரிகளுக்குப் பக்கத்தில் வாங்கில் உட்கார்ந்தாள். சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை. சுவர் மணிக்கூட்டில் பன்னிரண்டரை ஆயிற்று, முக்கால் ஆயிற்று. இப்போது எழும்பினாலும் நேரம் இருக்கிறது என்று நினைத்தாள். லேனா சாப்பிட்டு எழும்பியிருப்பாள், இப்போது போகலாம் என்று நினைத்தாள். முழங்காலில் கையை ஊன்றிக்கூடப் பார்த்தாள். ஒரு மணி ஆயிற்று. இடைவேளை முடிந்தது.

லேனா திரும்பி வரும்போது கண் மினுங்கியது.

“அந்த அம்மாவுக்கு ஒரு யூரோ போட்டேன். என்ன நடந்தது தெரியுமா? இரண்டாவது போடப் போனால் மடியை மூடிக்கொண்டார். ஒருவரிடம் ஒன்றுதானாம். நல்ல ஜேர்மன் பேசுகிறார். ‘இனி ஒருவர்தான் பாக்கி’ என்றார். என்ன அர்த்தமோ. மதச் சடங்காக இருக்குமோ?”

“இருக்கும்,” என்றாள் அன்ரனிற்றா.

மண்டபத்துக்கு அவள் திரும்பியபோது ஃபிராவ் ஹார்ட்மான் ஒரு வகுப்பைக் கூட்டி வந்திருந்தாள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள். அன்ரனிற்றா கதிரையில் உட்கார்ந்தாள். அம்மா வீட்டுக்குப் போயிருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பின்னேரம் மன்னிப்புக் கேட்கலாம். அடுத்த வருடமும் அந்தோனியாருக்குத் திருநாள் வரும்.

“நான்காவது கேள்வி,” என்றாள் ஃபிராவ் ஹார்ட்மான். “இந்தப் படத்தில் இருப்பவர்களில் நீங்கள் யாருக்குப் பிச்சை போடுவீர்கள்?”

“நாய்க்கு,” என்றான் ஒருவன். பிள்ளைகள் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கும்போது வாசலில் பிறேமா நின்றாள்.

உள்ளே வந்து முதலில் அவள் மகளைப் பார்க்கவில்லை. மண்டபத்தின் உயரமான கூரையைப் பார்த்தாள், மின்னுகிற பலகைத் தரையைப் பார்த்தாள். மகள் வேலை செய்கிற இடத்தை அவள் இப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறாள். பிறகு படத்தைப் பார்த்தாள். சேலைத் தலைப்பில் கூட்டிப் பிடித்த காசு ஒரு கையில் இருக்க, அந்தப் பெண்ணை நன்றாகப் பார்த்தாள், பூசையில் பக்கத்து வாங்கில் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பதுபோல. பார்த்து முடித்துத் திரும்பி, கதிரைக்கு ஆறு அடி தள்ளி நின்று, தலைப்பை இரண்டு கையாலும் விரித்து ஏந்தினாள்.

பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. முகத்தில் கோபம் இல்லை. நீ வராவிட்டால் என்ன, நான் வந்திருக்கிறேன் என்பதுபோல நின்றாள்.

பிள்ளைகள் படத்தைப் பார்த்தார்கள், பிறேமாவைப் பார்த்தார்கள், மறுபடி படத்தைப் பார்த்தார்கள்.

“இது நாடகமா?” என்று ஒரு பையன் கேட்டான்.

“உடுப்புக்கூட அதே நிறம்,” என்றாள் ஒருத்தி.

ஃபிராவ் ஹார்ட்மானுக்கும் தெரியவில்லை. யாரோ ஏற்பாடு செய்து தனக்குச் சொல்ல மறந்துவிட்டார்களோ என்று அவள் கையிலிருந்த தாளைப் புரட்டினாள்.

அன்ரனிற்றாவின் கை உள்பைக்குள் போயிருந்தது. விரலுக்குக் குற்றி தட்டுப்பட்டது. ஆறு அடி. எழும்பி ஆறு அடி வைத்தால் முடிந்தது. ஆனால் எழும்பினால் முப்பது தலையும் திரும்பும். பச்சைச் சால்வை திரும்பும். கறுப்பு ஜக்கெற் போட்டவள் யார் என்று தெரிந்துவிடும். அவள் கையை வெளியில் எடுத்தாள். வெறும் கையாக எடுத்தாள்.

அப்போது வரிசையில் இருந்து கண்ணாடி போட்ட ஒரு சின்னப் பெண் எழும்பினாள். இதுவரை ஒரு கேள்விக்கும் வாய் திறக்காதவள். காற்சட்டைப் பையில் இருந்து ஒரு குற்றியை எடுத்துக்கொண்டு நேரே பிறேமாவிடம் போய், மடிக்குள் போடக் கையை நீட்டினாள்.

பிறேமா தலைப்பை மூடிக்கொண்டாள். சிரித்துக்கொண்டு இல்லை என்று தலையை ஆட்டினாள். பிள்ளை எதிர்பார்க்கவில்லை. குற்றி கை தவறிப் பலகைத் தரையில் விழுந்து, நீளத்துக்கும் உருண்டு போய், படத்துக்குக் கீழே சுவரில் முட்டி நின்றது. அந்த அமைதியில் அது ஒரு தட்டு விழுந்ததுபோலக் கேட்டது.

சத்தத்துக்கு ஹெர் வென்செல் வந்தார். அவர் அதட்டுகிற ஆள் இல்லை. ஐம்பத்தெட்டு வயது, மெதுவான குரல். நடந்ததை ஃபிராவ் ஹார்ட்மானிடம் கேட்டார். பிறகு கதிரைப் பக்கம் குனிந்து, அங்கே எல்லோரும் கூப்பிடுவதுபோல அப்பாவின் பெயரால் அவளைக் கூப்பிட்டார்.

“ஃபிராவ் அல்பேர்ட், இவர் உங்களுடைய மொழி பேசுகிறவராக இருக்கலாம். உள்ளே காசு கேட்கக் கூடாது என்று சொல்ல முடியுமா? மரியாதையாகச் சொல்லுங்கள். வெளியே கூட்டிப் போங்கள்.” கொஞ்சம் நிறுத்தி, “உங்களுக்குத் தெரிந்தவரா?” என்று கேட்டார்.

“இல்லை,” என்றாள் அன்ரனிற்றா. ஜேர்மனில் சொன்னாள். இருபத்தெட்டு வருடம் இந்த நாட்டில் வேலை செய்த பிறேமாவுக்கு அந்தச் சொல் விளங்காமல் போகாது.

பிறகு எழும்பி, தான் வைக்க வேண்டியிருந்த ஆறு அடியையும் வைத்து, அம்மாவுக்கு முன்னால் போய் நின்றாள். கூட்டத்தில் பேச முடியாத அவளுடைய குரல் அன்றைக்குத் தெளிவாக வந்தது.

“இங்க காசு கேக்கக் கூடாது. வெளியில போங்கோ.”

வீட்டில் அவள் அம்மா என்று சொல்லாமல் ஒரு வசனம் முடித்ததில்லை. தண்ணி தாங்கோ அம்மா. போட்டு வாறன் அம்மா. கதவு பூட்டியிருந்த காலத்திலும் உள்ளே இருந்து, வேண்டாம் அம்மா என்றுதான் சொன்னாள். இப்போது அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டுச் சொன்னாள். பிறேமா அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது இனியாவது வருமோ என்று பார்க்கிறவள்போல.

ஹெர் வென்செல் கிட்ட வந்தார். பிறேமாவின் தோளில், மண்ணிறச் சேலையில், நீல நிறத்தில் ஒரு வட்டத் துண்டு ஒட்டியிருந்தது. உள்ளே வருகிறவர்களுக்கு வாசலில் ஒட்டிவிடுகிற துண்டு. வேலைக்குப் போகும்போது கோப்பி வாங்கிக் குடிக்காமல் வீட்டிலிருந்து போத்தலில் கொண்டுபோகிறவள், வங்கி அட்டையை நீட்டி முழுக் கட்டணத்துக்கு நுழைவுச்சீட்டு எடுத்திருந்தாள்.

“அடடா,” என்றார் அவர். முகம் சிவந்துவிட்டது. “இவர் சீட்டு எடுத்திருக்கிறாரே. இவர் பார்வையாளர். மன்னிப்புக் கேட்கிறேன் என்று சொல்லுங்கள், ஃபிராவ் அல்பேர்ட். விரும்பிய நேரம்வரை நிற்கலாம் என்று சொல்லுங்கள்.”

அன்ரனிற்றா வாயைத் திறந்தாள். அரைவட்டமாக உட்கார்ந்திருந்த பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி போட்ட சின்னப் பெண், சுவரடியில் இருந்து பொறுக்கிய குற்றியை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு நின்றாள். சொல்ல வேண்டியது தெரியும். அது தொண்டைக்கு மேலே ஏறவில்லை.

பிறேமா சேலைத் தலைப்பைத் தாழ்த்தினாள். பன்னிரண்டு பேர் போட்டதை ஒன்றாகச் சேர்த்து, அவசரப்படாமல், ஒரு முடிச்சுப் போட்டாள். வறண்ட உதட்டை நாக்கால் ஈரமாக்கினாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று அன்ரனிற்றா நினைத்தாள்; ஏசினாலும் நல்லது என்று நினைத்தாள். பிறேமா முடிச்சை இடுப்பில் செருகிக்கொண்டு, மகளுடைய ஜக்கெற்றில் கழுத்தடியில் மடிந்திருந்த கொலரைப் பார்த்தாள். அதைச் சரிசெய்யக் கை பாதிவரை எழும்பியது. பிறகு, தெரியாத பிள்ளையை யார் தொடுவார்கள் என்பதுபோல, கை கீழே போயிற்று. அவள் திரும்பி, பிள்ளைகளுக்கு வழிவிட்டு, படத்தடியால் நடந்து வெளியே போனாள்.